வாசிக்கப்படாத தனி: ஒரு சிறார் நாவலில் டிரம்ஸும் பள்ளியும்

ஜோர்டான் சோனன்பிளிக்கின் ‘டிரம்ஸ், கேர்ள்ஸ் அண்ட் டேஞ்சரஸ் பை’ (2004), அமெரிக்கப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்புப் பயிலும் ஸ்டீவனின் தன்கூற்றாக அமைந்த நாவல். ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அவனுடைய தம்பி ஜெஃப்ரிக்கு ஐந்து வயதில் இரத்தப் புற்றுநோய் எனத் தெரியவருகிறது. இத்தகைய கதைகளில் இசை மருந்தாகவோ வெற்றிக் கோப்பையாகவோ வருவது வழக்கம். இந்நாவல் இரண்டையும் மறுக்கிறது என்பதே என் வாசிப்பு.

தம்பியின் நோய்க்குப்பின் ஸ்டீவன் வெறிகொண்டு பயிற்சி செய்கிறான், பாடங்களிலோ பின்தங்குகிறான். அவனுக்குப் பயிற்சி ஆறுதலன்று, ஒளிவிடம். ஆண்டு முழுதும் அவன் காத்திருந்த இசைநிகழ்ச்சியில், தனி வாசிக்கவேண்டிய வேளையில் தம்பிக்கு உடல்நலம் குன்றுகிறது. மேடையை விட்டு மருத்துவமனைக்கு உடன்செல்கிறான். வாசகர் எதிர்பார்த்த அந்தத் தனியை ஆசிரியர் வழங்காமல் விட்டதே நாவலின் பேரறம். பிறருடைய தாளத்தைத் தாங்குவதே டிரம்ஸ் கலைஞனின் முதற்பணி என்பதை இங்கு இசைச்சொற்கள் ஏதுமின்றிக் கதைநிகழ்வே உணர்த்திவிடுகிறது.

பள்ளிச் சித்திரிப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆசிரியர்கள் அனைவரும் அளவுகடந்து கனிவானவர்கள். (சோனன்பிளிக் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர்.) அந்த இசைநிகழ்ச்சியே ஜெஃப்ரியின் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டுவதாக மாற்றப்படுகிறது. தாய் வேலையை விட்டுக் கவனிக்கும் நடுத்தரக் குடும்பமொன்று குழந்தையின் சிகிச்சைக்கு நன்கொடையை எதிர்நோக்க நேர்வது ஏன் என்னும் வினா, பள்ளியின் பெருந்தன்மைக்குள் மறைந்துபோகிறது.

ஜெஃப்ரியே எட்டாம் வகுப்பு மாணவனாகக் கதைசொல்லும் தொடர்ச்சி நாவலில் (2010) இக்கனிவு குறைகிறது. சிகிச்சையின் பின்விளைவால் கணக்கு வராத பிள்ளைக்கு அங்கே பள்ளி ஒரு தேர்வுக்கூடம்.