முதல் துளி எங்கே?

கெடாவின் மெர்போக் ஆற்றில் இஞ்சின் படகில் போகிறவர்கள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். இஞ்சின் மூடிக்குக் கீழே ஒரு சின்னத் துளை உண்டு. அதிலிருந்து நீர் பீறிட்டால் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். படகோட்டிக்கு அந்த நிம்மதி போதும். இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய ஃபிட்டருக்குப் போதாது. புது பிஸ்டன், புது ரிங், புது கேஸ்கட் எல்லாம் போட்டு முடித்து, துளையில் நீர் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே வேறோர் இடத்தில் சொட்டத் தொடங்கும். அந்தச் சொட்டு எங்கிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன்.

ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்னால் மாட்டும் இஞ்சினின் பலம் வெறும் ஒன்றரைக் குதிரைசக்தி. இன்று நூற்றுக்கணக்கான குதிரைசக்தி வரை போய்விட்டது. ஆனால், படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வதுதான் இந்த வகை இஞ்சின்களின் பொதுவான ஏற்பாடு. இஞ்சினிலிருந்து ஆற்றுக்குள் இறங்கும் காலின் அடியில் உள்ள சல்லடைக்கண் வழியாக நீர் நுழையும். ரப்பர் இம்பெல்லர் அதை ஒரு குழாயில் மேலே தள்ளும். புகைவழியின் சுவரையும் சிலிண்டர்களையும் ஹெட்டையும் சுற்றி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு சேர்ந்து மறுபடி ஆற்றுக்குள் இறங்கும். நெருப்பு எரியும் அறைக்கும் நீர் ஓடும் அறைக்கும் நடுவே பல இடங்களில் மெல்லிய கேஸ்கட் ஒன்றுதான் காவல்.

நீர் கசிகிற இடம் ஒன்று, கண்ணில் படுகிற இடம் வேறொன்று. இஞ்சின் அதிரும்போது துளி வார்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கும். பிளைவீல் கிளப்பும் காற்று அதைத் திசைமாற்றும். கடைசியில் எல்லாம் அடித்தட்டில் தேங்கும். அவசரக்காரர் அங்கே ஈரத்தைப் பார்த்ததும் அடிக் கேஸ்கட்டைச் சந்தேகித்து மேல் இஞ்சின் முழுவதையும் தூக்கிவிடுவார். ஒரு நாள் வேலை போகும், கசிவு அப்படியே இருக்கும். மேலே தெர்மோஸ்டாட் மூடி ஒரு பக்கம் சரியாக உட்காமல் இருந்திருக்கும். அல்லது நீர்க்குழாயின் கிளிப் தளர்ந்திருக்கும்.

கைதேர்ந்தவர் முதலில் ஸ்பேனரைத் தொட மாட்டார். இஞ்சினை ஆறவிட்டு, துணியால் துடைத்து, ஒவ்வொரு மடிப்பையும் காயவைப்பார். பிறகு வீட்டில் முகத்துக்குப் பூசும் பவுடரை இணைப்புகளின்மேல் லேசாகத் தூவுவார். இஞ்சினின் காலை நீர்த் தொட்டியில் இறக்கி, இஞ்சினை மெதுவான வேகத்தில் ஓடவிடுவார். வெள்ளைப் பொடியில் ஊசி நூல் அளவுக்கு ஒரு கறுத்த கோடு விழும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் அவர் தேடிய இடம். பழைய கசிவாக இருந்தால் பவுடரும் வேண்டாம். காய்ந்த உப்பே தடம் போட்டு வைத்திருக்கும், அதைப் பிடித்துக் கீழிருந்து மேலே போவார். எது கசிவு இல்லை என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். மெதுவாக ஓடும்போது புகை வெளியேறும் துளையில் நீர் தெறிப்பது இயல்பு. அதை அடைக்கப் புறப்பட்டவர் இஞ்சினையே கெடுத்துவிடுவார்.

வெளியே தெரியாத கசிவுதான் பெரிய ஆபத்து. அதற்கு ஸ்பார்க் பிளக்கைத்தான் கேட்க வேண்டும். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் தேநீர்ப் பழுப்பில் இருக்கும். ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று வெளுத்திருந்தால், அந்த அறைக்குள் நீர் போகிறது, ஆவி அதைக் கழுவுகிறது. ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம், புகைவழியின் உள்மூடி அரித்துப்போயிருக்கலாம். நான்கு வீச்சு இஞ்சினில் எண்ணெய் பால்போல் வெளுத்தாலும் நீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். காலில் இருக்கும் கியர் எண்ணெய் வெளுத்தால் கதை வேறு: சீல் போயிருக்கும், அல்லது எண்ணெய் வடிக்கும் திருகின் வாஷர் நசுங்கியிருக்கும். மேல் இஞ்சினைக் குறைசொல்லிப் பயனில்லை.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஹெட்டைச் சமப்படுத்துவது. தடித்த கண்ணாடிமேல் நனைத்த உப்புத்தாளை விரித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எட்டுப் போடுவதுபோல் தேய்ப்பார்கள். அழுத்தவே கூடாது. முதலில் விளிம்பு மட்டும் மின்னும், நடுவில் மங்கல் திட்டு நிற்கும். தேய்க்கத் தேய்க்கத் திட்டு சுருங்கி, முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக ஆகும். நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால், பத்தில் ஒரு மில்லிமீட்டர் தகடுகூட அடியில் நுழையக் கூடாது. இந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் சிலிக்கானை அள்ளிப் பூசுகிறார்கள். பிதுங்கிய சிலிக்கான் உள்ளே நீர்வழியை அடைத்து, கசிவை நிறுத்திய பெருமையோடு இஞ்சினையும் எரித்துவிடும். கேஸ்கட்டை உலர்வாகப் போடச் சொல்லும் இடத்தில் உலர்வாகத்தான் போட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எனக்கு இந்த ரசனை வந்தது தோட்டத்து ஆட்களிடமிருந்து. கெடாவின் ரப்பர் ஆலைகளில் உருளைகளையும் ஜெனரேட்டரையும் பழுது பார்த்த கைகளுக்கு உலோகம் எங்கே வளைந்திருக்கிறது என்று தடவினாலே தெரியும். ரப்பரின் குணமும் அவர்களுக்குப் பாடம். பால்மரத்து ரப்பர் எவ்வளவு உயர்ந்ததானாலும் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். எண்ணெயைத் தடுக்கும் சீல்களுக்கு நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் வேண்டியிருப்பது அதனால்தான். இம்பெல்லரையோ நீர்க்குழாயின் ரப்பர் வளையத்தையோ மாட்டும்போது, காய்ந்தபடி திணிக்காமல் சோப்பு நீர் தொட்டு நழுவவிடுவார்கள். வளையம் ஒரு மடிப்பு மடிந்தாலும் பாதி நீர் வழியிலேயே போய்விடும்.

மெர்போக்கின் சேறு தனிச் சோதனை. செமிலிங் பக்கம் சுங்கை பத்துவில் தோண்டியெடுத்த பழந்துறையின் செங்கல் மேடைகள் இன்று கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கின்றன. அவ்வளவு வண்டல் சேர்ந்த நிலம் இது. அதே வண்டல் சிலிண்டர்களின் அடிப்பகுதியில் உப்போடு சேர்ந்து கெட்டிப்படும். நீர் நகராத மூலையில் சூடு ஏறி, வார்ப்பு வளைந்து, புதுக் கேஸ்கட்டும் வாய்பிளக்கும். ஆகவே பூட்டுவதற்கு முன்பே வளைந்த கம்பியால் அந்த மூலைகளைச் சுரண்டி, நன்னீர் விட்டுக் கழுவி, எல்லா வழியிலும் நீர் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பார்கள்.

பிறகு போல்ட்டுகள். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே போக வேண்டும். முதல் சுற்றில் பாதி இறுக்கம், அடுத்த சுற்றில் சொன்ன அளவு. தஞ்சோங் டாவாய் வரை ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்ததும் இஞ்சினை ஆறவிட்டு, எல்லா பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பார்கள். எல்லாமே ஒரே பழுப்பாக இருந்தால்தான் படகு சொந்தக்காரர் கைக்குப் போகும்.