மீக்கடத்தியும் பூச்சியத் தடையும்: அளவீடு பற்றிய ஒரு விமரிசனக் குறிப்பு

மீக்கடத்தியின் தடை பூச்சியம் என்னும் கூற்று, அறிவியலைப் பரப்ப முனையும் எழுத்துக்களில் நிபந்தனையின்றி எடுத்தாளப்படுகின்றது. 1911 இல் லைடன் நகரிற் கமர்லிங் ஓன்ஸ் இரசத்திற் கண்டது நேரோட்டத்துக்கான தடையின் மறைவையேயாகும். உயர்மீடிறன் ஆடலோட்டத்துக்கு அக்கூற்றுப் பொருந்தாது என்பதை 1940 இல் ஹைன்ஸ் லண்டன் வெள்ளீயத்தைக் கொண்டு காட்டினார். மின்புலம் விரைந்து மாறுகையில், மீக்கடத்தியின் மேற்பரப்பையொட்டிய மெல்லிய படையில் இணைசேராத இலத்திரன்களும் அசைக்கப்பட்டுச் சத்தியை வெப்பமாக இழக்கின்றன. இவ்விழப்பின் அளவே நுண்ணலை மேற்பரப்புத் தடையாகும்.

இத்தடை மீடிறனின் வர்க்கத்துக்கேற்ப உயர்கின்றது. செம்பின் தடையோ பொதுவாக மீடிறனின் வர்க்கமூலத்துக்கேற்பவே உயர்கின்றது. இவ்வேறுபாட்டை மறந்தமையே பல மிகைக்கூற்றுகளுக்குக் காரணமாகும். 77 கெல்வினில், 10 கிகாஹேட்சில், சிறந்த இற்றியம்-பேரியம்-செப்பு ஒட்சைட்டுப் படலத்தின் தடை ஏறத்தாழ அரை மில்லியோம். செம்பின் தடை ஏறத்தாழ 10 மில்லியோம். ஆகவே படலம் இருபது மடங்கு சிறந்தது. ஆனால் அதே விதிகளின்படி 100 கிகாஹேட்சிற் கணித்தால், படலத்தின் தடை 50 மில்லியோமாகவும் செம்பின் தடை 32 மில்லியோமாகவும் அமையும். மீடிறனைக் கூறாது "செம்பை விஞ்சியது" என்பது விளம்பரமேயன்றி ஆய்வுமுடிபாகாது.

அளக்கும் முறையும் விமரிசனத்துக்குரியதே. வழக்கமான முறையில், இரு படலங்களுக்கிடையே நீலக்கல் உருளையொன்றை வைத்துப் பரிவு உண்டாக்கித் தரக்காரணியை, அதாவது தேங்கிய சத்திக்கும் இழந்த சத்திக்குமுள்ள விகிதத்தை, அளப்பர். அதிலிருந்து உருளையின் இழப்பைப் பிரித்தெடுத்தல் வேண்டும். இதற்கென உயரம் மட்டும் வேறுபடும் இரு உருளைகளைப் பயன்படுத்தும் முறையைச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 2002 இல் நியமமாக வெளியிட்டது. ஆயினும் கிடைப்பது இரு படலங்களுக்கும் பொதுவான சராசரியே. ஒன்றன் குறைபாடு மற்றதன் சிறப்பினால் மறைக்கப்படலாம். படலம் மிக மெல்லியதாயின், அளவிற் தோன்றும் தடை பொருளின் உண்மைத் தடையை விஞ்சியும் நிற்கும்.

எனவே வெப்பநிலை, மீடிறன், படலத்தின் தடிப்பு, அளந்த முறை ஆகியன கூறப்படாத எண் ஒப்பிடத்தக்கதன்று. இந்நிபந்தனைகளைக் கடினமானவை எனக் கருதித் தமிழ் வாசகருக்கு விலக்கிவிடுவோர், அவர்களுக்கு முடிபை நம்பும் உரிமையை மட்டுமே வழங்குகின்றனர்; அதனைச் சோதித்து மறுக்கும் உரிமையை வழங்குவதில்லை. அறிவியலைத் தாய்மொழியில் எழுதுவதன் பயன் பின்னையதிலேயே தங்கியுள்ளது.