இரண்டாம் முறை கப்பலேறியவர்

புனித அருளானந்தரைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள சிறு வரலாறுகளையும், திருவிழாக் காலங்களில் மேடையேறும் நாடகங்களையும் ஒருசேர நோக்குவோர்க்கு ஒன்று விளங்கும். அவை யாவும் ஓரியூரை நோக்கியே விரைகின்றன. 1647-இல் லிஸ்பனில் பிறந்த குழந்தை, அரண்மனையில் வளர்ந்த சிறுவன், தாயின் நேர்ச்சை, இயேசு சபை, கப்பல் பயணம் என்று இரண்டு மூன்று காட்சிகள். பின்பு காவியுடை, உடனே மறவர் நாடு, அடுத்தது வாள். 1693 பிப்ரவரி 4-ஆம் நாளுக்காகவே அவர் பிறப்பெடுத்தார் என்பது போன்ற அமைப்பு. மறைசாட்சியின் வரலாற்றை இவ்வாறு எழுதுவது மரபு. அதன் பக்திப் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இலக்கியம் என்ற நோக்கில் இதில் ஒரு பெருங்குறை உண்டு. முடிவு முன்னரே விதிக்கப்பட்டுவிட்டால், நடுவில் அம்மனிதர் செய்த தெரிவுக்கு மதிப்பில்லாமல் போகிறது.

அந்தத் தெரிவு எங்கே நிகழ்ந்தது? ஓரியூரில் அன்று. அங்கே அவர் கைதி; தெரிவு செய்ய அதிகம் எஞ்சியிருக்கவில்லை. அது நிகழ்ந்தது 1687-க்கும் 1690-க்கும் இடையில், போர்த்துக்கல் நாட்டில். நம் நூல்களோ இந்த ஆண்டுகளை இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடுகின்றன. நாடகங்களில் அவை திரை இறங்கி ஏறும் நேரம் மட்டுமே.

நிகழ்ந்தது இதுதான். 1686-இல் மறவர் நாட்டில் அவர் பிடிபட்டார். அவரைக் கட்டி வைத்து அடித்தனர். நீரில் அமிழ்த்தி வதைத்தனர். இறுதியில் கிழவன் சேதுபதி, தம் நாட்டில் இனிப் போதிக்கலாகாது என்ற கட்டளையோடு அவரை விடுவித்தார். அதன்பின் மதுரை மிஷனின் நிலையை எடுத்துரைக்கவும், ஆளும் பொருளும் திரட்டவும் சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. தப்பியோடிய பயணம் அன்று அது. கீழ்ப்படிதலால் மேற்கொண்ட பயணம். லிஸ்பனில் அரியணையில் வீற்றிருந்தவர் இரண்டாம் பேத்ரு. இளமையில் எந்த இளவரசருக்கு அரண்மனையில் ஏவல் புரிந்தாரோ அவரேதான். அரசவையிலேயே தங்கிவிடுமாறு மன்னர் வற்புறுத்தினார். அங்கும் அவர் மதுரைத் துறவியின் உணவையே உண்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

இங்கேதான் எழுதுவோன் நின்று பார்க்க வேண்டும். 1673-இல் முதன்முறை கப்பலேறியபோது அவருக்கு வயது இருபத்தாறு. இந்தியா என்பது சவேரியாரின் கடிதங்களில் படித்த நாடு, ஆர்வமே போதுமானதாயிருந்தது. 1690-இல் கப்பலேறியபோது வயது நாற்பத்து மூன்று. அடியின் வலி இன்னதென உடல் அறிந்திருந்தது. எவ்வூரில் எந்தத் தலைவன் பகைவன் என்பதும் தெரியும். தங்கிவிட்டிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்கமாட்டார். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு, பட்ட வதை, அரசரின் வேண்டுகோள் என ஒருவர் கௌரவமாக ஒதுங்கத் தேவையான அனைத்தும் அவர் கையில் இருந்தன. நியாயமான காரணம் இல்லாதவன் திரும்பிச் செல்வது எளிது. காரணங்கள் அனைத்தும் கைவசம் இருந்தும் அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வேறு வகையான செயல்.

ஏன் திரும்பினார் என்ற வினாவுக்கு ‘மறைசாட்சி முடியை விரும்பினார்’ என்பதே நம் நூல்கள் தரும் விடை. இது அவரைச் சாவின் காதலராக்கிவிடுகிறது. எனக்குத் தோன்றும் விடை சற்று எளியது. 1686-இல் அவரோடு சேர்ந்து அடிபட்ட உபதேசியார்கள் இருந்தனர். அவர்கள் இம்மண்ணின் மக்கள். அவர்களுக்குப் போய்த் தங்க லிஸ்பன் என்று ஓர் ஊர் இல்லை. விடுதலை பெற்ற மறுநாளும் அதே சேதுபதியின் ஆட்சியில், அதே அண்டை அயலாரோடு வாழவேண்டியவர்கள் அவர்கள். தலைவர் திரும்பவில்லையென்றால் அவர்கள் பட்ட அடிக்கு என்ன பொருள்? இவர்களுக்கு நம் நாடகங்களில் ஒரு வரி வசனமேனும் வேண்டாமா?

குறையைச் சொல்லவந்தபின் இன்னொன்றையும் சொல்லிவிடலாம். தடியத் தேவர் மனமாறியபோது பிற மனைவியரை விலக்கினார்; அவர்களுள் கடலாயி என்ற இளைய மனைவி சேதுபதியிடம் சென்று முறையிட்டாள். மேடையில் இவள் ஏரோதியாளின் மறுபதிப்பாகவே வருகிறாள். கொண்டவன் ஒருநாள் வீட்டைவிட்டு விலக்கினால், அதற்கு அவன் கூறும் காரணம் எத்துணைப் புனிதமாயினும், ஒரு பெண் அழாமல் இருப்பாளா? அவள் அழுகையைக் கேட்கத் தெரிந்த நாடகாசிரியரால் அருளானந்தரையும் இன்னும் ஆழமாகக் காட்ட முடியும்.

மதுரை மிஷன் வரலாற்றில் நாம் அவசரமாகக் கடக்கும் மற்றொருவர் கொன்சாலோ பெர்னாந்தசு. 1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது இவர் அங்கே பதினோராண்டுகளாகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவர்க்கு ஆன்ம குரு; ஒரு பள்ளியும் மருந்தகமும் நடத்தினார். ஊர் மக்களுள் ஒருவரைக்கூட மனந்திருப்பவில்லை என்பதே நம் நூல்கள் இவரைப் பற்றிச் சொல்லும் செய்தி. நொபிலியின் ஒளிக்கு நிழலாக இவரை வைப்பது எழுதுவோர்க்கு வசதி. நொபிலிமீது 1610-இல் குற்றம் சாட்டியவரும் இவரே. அந்த வாதத்தில் இவர் பக்கம் நாம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் பலனே காணாமல் பதினோராண்டு ஓரிடத்தில் இருந்த ஒருவரின் மனத்தை அறிய முயன்ற ஒரு பக்கத்தையேனும் நான் தமிழில் படித்ததில்லை.

ஒத்தக்கடையில் நின்று நிமிர்ந்தால் யானைமலை தெரியும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று அங்கே, சமணத் துறவியரின் கற்படுக்கைகளுக்கு மேலே வெட்டப்பட்டுள்ளது. அக்குன்றில் உறைந்தவர் இன்னார் என்று பெயர் சொல்வதோடு அது நின்றுவிடுகிறது. எத்தனை பேருக்கு உபதேசித்தார்கள், எத்தனை பேரைத் தம் நெறியில் சேர்த்தார்கள் என்ற கணக்கில்லை. உறைந்தார்கள்; அதைப் பொறிக்கத்தக்க செய்தியாக அக்காலத்தார் கருதினர். நம் வரலாற்று நூல்களோ திருமுழுக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லாமல் ஓர் அத்தியாயத்தையும் முடிப்பதில்லை.

இதை வெறும் இலக்கியக் குறையாக எண்ணிவிடலாகாது. நம் ஊர்களிலிருந்து வடமாநில மறைப்பணிக்குச் செல்லும் இளம் துறவியரும் அருட்சகோதரியரும் இந்நூல்களைப் படித்தே வளர்கிறார்கள். அவர்களுக்கு வாள் வருவதில்லை. வருவது புரியாத மொழி, ஒத்துக்கொள்ளாத உணவு, மலைக் காய்ச்சல், ஊரிலிருந்து தந்தைக்கு உடல்நலமில்லை என்ற செய்தி. ஏற்றுக்கொண்ட காலத்தை முடிப்பதா, பாதியில் திரும்புவதா என்று ஒருவர் இரவில் விழித்துக்கிடக்கும்போது, ஓரியூர்க் காட்சி அவருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. திரும்பி வந்தவரைக் கோழையென்று எண்ணவும் அதுவே நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. திரும்புவோருள் பலர் உண்மையான கடமைக்காகவே திரும்புகின்றனர். அவர்களுக்கும், தங்கிவிடுவோர்க்கும் பயன்படக்கூடியது லிஸ்பன் காட்சி. அதைத்தான் நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இனி ஓரியூர் விழாவுக்கு நாடகம் எழுத அமர்பவர் ஒரு முழு அங்கத்தை அந்த அரண்மனையில் அமைக்கட்டும். மன்னர் தங்குமாறு கேட்கட்டும். அருளானந்தர் உடனே மறுமொழி கூறாதிருக்கட்டும். மேடையில் சற்று நேரம் அமைதி நிலவட்டும்.