வரிசைக்குத்தான் காசு

டிசம்பர் மாதத்தில் அந்தமானின் கராச்சர்மாவில் மாலை ஐந்து மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும். சென்னைக்குக் கிழக்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, கடிகாரத்தில் மட்டும் சென்னை நேரத்தை வைத்திருப்பதன் பலன் இது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள், சாயங்கால டீ ஆறுவதற்குள் இருட்டிவிட்டதே என்று திகைப்பார்கள். எங்களுக்கு அது நீண்ட ராத்திரி. பாட்டுக் கேட்க இதைவிடத் தோதான ஊர் எனக்குத் தெரியாது.

அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து கேட்டான்: "அண்ணே, இந்த சில்-அவுட் ஆல்பமெல்லாம் காசு குடுத்து வாங்குறது வேஸ்ட்தானே? எல்லாப் பாட்டும் போன்லயே கிடக்குதே."

பாதி சரி. சில்-அவுட் என்று அட்டையில் போட்டு விற்றவற்றில் பெரும்பாலானவை வேஸ்ட்தான். அட்டையில் ஒரு தென்னை மரம், ஒரு புத்தர் சிலை, ஒரு பாட்டில். உள்ளே, லிஃப்டில் போடுகிற சங்கதி. ஆனால் மீதி இருக்கும் கொஞ்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தால் எப்படிக் கேட்பது என்பதைச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த இசை எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம். 1989 வாக்கில் லண்டனில் ஹெவன் என்ற கிளப். பெரிய கூடத்தில் நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல் ஓடும் நடன இசை. ஆடிக் களைத்தவர்கள் வந்து உட்கார ஒரு தனி அறை. அங்கே அலெக்ஸ் பேட்டர்சனும் ஜிம்மி காட்டியும் தட்டே இல்லாத, மெதுவாக நகரும் இசையை மணிக்கணக்கில் ஓடவிட்டார்கள். ஓடி வந்தவனை உடனே படுக்கச் சொன்னால் மூச்சு முட்டும். மெல்ல நடக்கவிட வேண்டும். சில்-அவுட் அந்த நடை. நடன இசையின் தங்கச்சி என்று சொல்லலாம். தாலாட்டு என்று நினைத்துக் கேட்டால் ஏமாற்றம்தான்.

அதையொட்டிய வருடங்களில் ஸ்பெயினின் இபீசா தீவில் வேறொரு ஆள். கஃபே டெல் மார் என்று கடலோரத்தில் ஒரு கடை, 1980இல் திறந்தது. அங்கே டிஜேவாக இருந்த ஹோசே பாடிய்யாவுக்கு ஒரே வேலை: சூரியன் விழும் நேரத்துக்குப் பாட்டு வைப்பது. இபீசாவில் கோடையில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் அந்தி. அதற்குப் பிறகுதான் ஊர் ஆடக் கிளம்பும். கேசட்டில் பதிந்து விற்றுக்கொண்டிருந்த அந்த மனிதரின் தேர்வு, 1994இல் முதல் தொகுப்பாக வெளிவந்தது. அதில் பெங்குவின் கஃபே ஆர்கெஸ்ட்ராவின் ஹார்மோனியத் துண்டு ஒன்று உண்டு. நம்மூர் நாடகக் கொட்டகைப் பெட்டியின் ஒன்றுவிட்ட தம்பி, கிளப் இசைக்காரர்கள் நடுவே சங்கோஜமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

1998இல் வந்த ஐந்தாம் தொகுப்பில்தான் நமக்கு விஷயம் இருக்கிறது. அதில் பாடிய்யா சேர்த்த ஒன்று, 'பம்பாய்' படத்தின் தீம் இசை. ஆமாம், நம்ம ரகுமான். 1995இல் தமிழ்நாட்டில் டேப்ரெக்கார்டர் இருந்த வீடுகளில் பாதியிலாவது அந்தக் கேசட் இருந்திருக்கும். வரிகள் இல்லாத அந்தத் துண்டு வந்தால் எங்கள் வீட்டில் அடுத்த பாட்டுக்கு ஓட்டிவிடுவோம். படத்தில் அது கலவரத்தின் துக்கம். நவீனின் புல்லாங்குழல் எரிந்த தெருவின் மேல் போகும். இபீசாவில் அதே குழல் அந்தி வெளிச்சத்தின் மேல் போகிறது. ஒரு சுரம்கூட மாறவில்லை. ஐந்தாம் தொகுப்புக்கு முந்தைய வருடம், லண்டனில் தல்வின் சிங் தொகுத்த 'அனோகா'விலும் இதே இசை இருந்தது. அங்கே சுற்றிலும் தபலாவும் டிரம்-அண்ட்-பேஸும் முட்டி மோதுகின்றன. அந்தக் கூட்டத்தில் இது கடலோர அமைதியாக இல்லை, பெருநகரத்தில் வழி தவறிய ஒருத்தரின் மூச்சாகக் கேட்கிறது.

மூன்று தடவையும் ஒரே பாட்டு, மூன்று தடவையும் வேறு பாட்டு. பையனுக்கு நான் சொன்னது இதைத்தான்: பாட்டு எங்கும் கிடைக்கும். காசு வரிசைக்கு.

தமிழனுக்கு இது புதுசும் இல்லை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் சேர அரசன் என்று இரண்டு பெயரையும் குறித்து வைத்த கூட்டம் நாம். கச்சேரியில் எதை முதலில் பாடுவது, எதை நடுவில் விரிப்பது, எதில் துக்கடாவுக்கு இறங்குவது என்பதற்கு அரியக்குடி போட்ட பாதையில்தான் இன்றும் மேடை நடக்கிறது. அவ்வளவு ஏன், எண்பதுகளில் ரெக்கார்டிங் சென்டரில் போய் அறுபது நிமிட கேசட்டுக்குப் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தவர்கள் எல்லாரும் தொகுப்பாசிரியர்கள்தான். 'ஏ' பக்கம் எந்தப் பாட்டில் முடிய வேண்டும் என்று ராத்திரி தூங்காமல் யோசித்தவர்களை எனக்குத் தெரியும். அதில் காதல் கடிதத்தைவிட அதிக உழைப்பு இருந்தது.

ஆகவே வாங்கும் முன் அட்டையைத் திருப்பி, தொகுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் பெயரே இல்லாமல் கம்பெனி பெயரும் பெரிய எண்ணும் மட்டும் இருந்தால் வைத்துவிடலாம். தொகுதி எண் ஏற ஏறச் சரக்கு நீர்த்துப்போகும் என்பது என் அனுபவம். பாடிய்யா தொகுத்த ஆரம்பத் தொகுதிகளுக்கும் அவர் விலகிய பின் வந்தவற்றுக்கும் உள்ள வித்தியாசம் இதற்குச் சாட்சி.

கேட்கும்போது பாட்டுகளின் ஒட்டைக் கவனியுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் அந்தப் பத்து வினாடி. நல்ல தொகுப்பில், முதல் பாட்டின் கடைசியில் கேட்ட ஏதோ ஒன்று அடுத்ததில் வேறு வேஷத்தில் வரும்: சுருதி ஒத்துப்போகும், அல்லது அலைச் சத்தம் சிம்பல் சத்தமாக மாறும். சுமாரான தொகுப்பில் ஒவ்வொரு பாட்டும் பேருந்து நிறுத்தம் மாதிரி, இறங்கி ஏற வேண்டியிருக்கும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், ஷஃபிளில் கேட்பது நாவலின் பக்கங்களைச் சீட்டுக்கட்டாகக் குலைத்துப் படிப்பதுதான். போன் ஸ்பீக்கரும் வேண்டாம். இந்த இசையில் கதையைச் சொல்வது அடியில் ஓடும் பேஸ். போன் அதை விழுங்கிவிட்டு மேலே இருக்கும் கிணுகிணுப்பை மட்டும் கொடுக்கும்.

நமக்கென்று ஒரு கூடுதல் சோதனை உண்டு. மேல்நாட்டுத் தொகுப்புகளில் சிதாரோ ஆலாபனையோ வரும் இடம். கமகம் இல்லாமல் நாலு சுரத்தைக் கிள்ளி ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்திருந்தால் நம் காதுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அந்த ஆல்பத்தை நம்பாதீர்கள். ஊறுகாயில் ஏமாற்றுகிறவர் சோற்றிலும் ஏமாற்றுவார்.

இனி எங்கள் தீவுக் கணக்கு. 2020 ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் இங்கே வந்து சேர்ந்தது. மற்றத் தீவுகளுக்குப் போகும் கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அதுவரை சாட்டிலைட்டை நம்பிய இன்டர்நெட்டில் பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், பாடாது. மூன்று நாள் கப்பலில் பெட்டிக்குள் வந்த சிடிதான் சங்கீதம். அதனால் இன்னும் சிலரிடம் கட்டுக்கட்டாக இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: இந்த ஈரத்தில் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், சிடி அட்டை ஊறி உப்பும். காற்றுப் புகாத டப்பாவில், மருந்து பாட்டிலோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். கேபிள் வந்த அதே வருடம் அக்டோபரில் பாடிய்யா இறந்துபோனார். செய்தியை நான் படித்ததே அந்தக் கேபிள் தயவில்தான்.

கேட்கச் சரியான இடம் வேண்டுமென்றால் தெற்கே சிடியா டாப்பு இருக்கிறது. கடல் பார்த்து உட்காரலாம். சுனாமியைக் கிளப்பிய பூகம்பத்தில் தரை தாழ்ந்து உப்புநீரில் பட்டுப்போன மரங்கள் அந்தி வெளிச்சத்தில் கறுப்பாக நிற்கும். வீட்டு வராந்தாவும் போதும். டிசம்பரென்றால் நாலரைக்கு ஆரம்பியுங்கள், ஆறுக்குள் முடிந்துவிடும்.

பையன் ஐந்தாம் தொகுப்பை இரண்டு நாள் வைத்திருந்தான். வாங்கவில்லை. அதற்குப் பதில் தானே ஒரு வரிசை செய்துகொண்டு வந்தான். சிடி கணக்குப்படி 74 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று நான் போட்ட நிபந்தனையை மதித்து, இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்'டில் சௌராசியா குழலோடு தொடங்கி, நடுவில் நான் கேள்விப்பட்டிராத இரண்டு மலையாளப் பையன்களின் இசை வைத்து, நான்காவதாக 'பம்பாய்' தீம். இருட்டும்வரை கேட்டேன்.

"நல்லாயிருக்குடா. ஆனா ரகுமானைக் கடைசிக்குக் கொண்டுபோ. அதுக்கப்புறம் எதையும் கேக்க முடியல."

"அதுக்குத்தான்ணே அங்க வச்சேன்" என்றான், மாற்றுகிற உத்தேசமே இல்லாமல்.