நூறு சீசீக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நூறு சீசீ பைக்கை வன்னியில் யாரும் ஆசைக்கு வாங்குவதில்லை. வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வண்டிதான். பஜாஜ் சிடி 100 இன்றும் இங்கே ஓடித்திரிகிறதென்றால், அது பெற்றோலைச் சிக்கனமாகக் குடிப்பதும், சின்னச் சந்தியிலும் அதற்குச் சாமான் கிடைப்பதும்தான் காரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய பைக்குகளின் விலை எகிறியதால், இருப்பதைத் திருத்தி ஓட்டப் பழகிவிட்டோம். திருத்துவது சரி. கடை வாசலில் தொங்கும் மினுக்கல் சாமான்களில் எது காசுக்குத் தகும்?

முதல் காசு ரயருக்கு. ஏ9 வீதியில் தேய்ந்த ரயரும் ஒரு மாதிரி ஓடிவிடும். ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கம் உள்ளே இறங்கினால் கிரவல். கோடையில் கால் வைத்தால் உருளும் குறுணி, மாரியில் வழுக்கும் களி. ஆழமான வரியுள்ள ரயர் இரண்டையும் தாங்கும். ஆனால் அளவைக் கூட்டாதீர்கள். பின்சில்லின் 3.00-17 போதும். குறுகிய றிம்மில் அகல ரயர் சரியாக உட்காராது, செயின் மூடியில் உரசும், எஞ்சினுக்கும் பாரம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறையில் வாரம் 4 லீற்றரோடு காலம் தள்ளியவர்களுக்கு, வீணாகும் பெற்றோலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது லைற். இரவில் ஏ9இல் மாடு படுத்திருக்கும். நெடுங்கேணிப் பக்கம் யானை குறுக்கே வரும். பழைய சின்ன பைக்குகள் பலவற்றில் முன்லைற் பற்றரியில் எரிவதில்லை, எஞ்சின் சுற்றும்போது வரும் மின்சாரத்தில் எரிகிறது. அதனால் குழி பார்த்து மெல்ல உருட்டும் இடத்தில்தான், அதாவது வெளிச்சம் வேண்டிய இடத்திலேயே, லைற் மங்கும். எல்ஈடி பல்ப் இதற்கு நல்ல மருந்து. ஆனால் ஏசி லைனில் எரியக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மினுமினுத்துக்கொண்டே இருக்கும். பூட்டியதும் ஒரு சுவரைப் பார்த்து எரியவிடுங்கள். வெளிச்சம் கீழே குவிய வேண்டும். சுவரெங்கும் சிதறினால் எதிரே வருபவருக்குக் கண் கூசும், உங்களுக்குக் குழி தெரியாது. புழுதிக்கும் மார்கழிப் பனிக்கும் மஞ்சள் வெளிச்சமே மேல் என்பது என் கட்சி. முன்கம்பியில் வரிசையாக லைற் கட்டும் பொடியன்களுக்கு ஒன்று: 2025 ஜனவரியில் அரசின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியபோது பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிக சோடனைகளைப் பொலிசார் கழற்றவைத்ததை மறந்துவிட வேண்டாம். சத்தம் போடும் சைலன்சரும் அதே கணக்குத்தான்.

காசைக் கரியாக்கும் சாமான் எதுவென்றால், 'காற்று நல்லாய் இழுக்கும்' என்று விற்கும் கூம்பு வடிகட்டி. கிரவல் வீதியில் ஓடிய பைக்கின் பக்கமூடியைத் திறந்து, கொம்பனி வடிகட்டியை நிலத்தில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். குரக்கன் மாப்போல செம்புழுதி கொட்டும். மலிவான கூம்பு அந்த நுண்புழுதியை உள்ளே விட்டுவிடும். சிலிண்டர் சுவரும் றிங்கும் அரைபட்டு, ஒயில் எரிந்து, பின்னால் நீலப் புகை வரும். கிடைத்த சக்தியோ கையில் தெரியாது. அந்தக் காசுக்கு நல்ல வடிகட்டி ஒன்று வாங்கிக் கோடை முடியும்போது மாற்றலாம்.

முன் பல்சில்லில் ஒரு பல் குறைப்பது ஆளைப் பொறுத்தது. வயல் வரம்பில் நெல்மூட்டையோடு ஏறுபவருக்கு இழுவை கூடும். தினமும் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போய்வருபவருக்கு எஞ்சின் கத்தும், பெற்றோலும் கூடும். மாற்றுவதென்றால் செயினையும் இரண்டு பல்சில்லையும் ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதுப் பல்லைத் தின்றுவிடும்.

டிஸ்க் பிறேக் கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். முன் போர்க், சில்லின் நடுக்கட்டை, மேலே ஒயில் பம்ப் எல்லாம் மாற வேண்டும். பைக்கின் விலையில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். இருக்கும் டிரம் பிறேக்கைக் கழற்றிப் புழுதி துடைத்து, புது பிறேக் சூவும் கேபிளும் போட்டால் இந்த வேகத்துக்கு அது நிற்கும்.

சீற்றை மட்டும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து வரும் மனுசியிடம் கேட்டுத் தைக்கக் கொடுங்கள். தடித்த பஞ்சு வைத்தால் உயரம் கூடும், அவருக்குக் கால் எட்டாது.