நகரும் எல்லைக்கல்: றொக்சேன் கேயின் ‘பசி’ பற்றிச் சில குறிப்புகள்

ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின எழுத்தாளரான றொக்சேன் கே எழுதிய ‘ஹங்கர்’ என்னும் தன்வரலாற்று நூல் 2017ஆம் ஆண்டிலே வெளிவந்தது. ‘பசி’ என்று அதனைத் தமிழிற் குறிப்பிடலாம். அந்நூலை வாசித்து முடித்த சில நாள்களின் பின்னர், உயர்தர வகுப்பு மாணவருக்குத் தன்வரலாற்று இலக்கியம் பற்றி விளக்குகையில் அதனை உதாரணமாக எடுத்துக் காட்டினோம். மிகப் பருத்த உடலையுடைய பெண்ணொருவர் தமது உடலின் வரலாற்றைத் தாமே எழுதியிருக்கிறார் என்று கூறி முடிக்குமுன்னரே, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “கடைசியில அவ மெலிஞ்சவவோ, ரீச்சர்?”

வகுப்புச் சிரித்தது. ஆயினும் அக்கேள்வி சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. உடல் மெலிதல் பற்றிய கதைகள் யாவும் வாசகரிடத்து ஊன்றி வைத்துள்ள எதிர்பார்ப்பு அது. அன்று நாம் நேரான விடை கூறவில்லை. இக்கட்டுரை, காலந்தாழ்த்தியேனும், அவ்விடையைத் தேடும் முயற்சியாகும்.

இத்தகைய கதைகளுக்கு நிலையான வாய்பாடொன்று உண்டு. முதலிலே நாணத்துக்குரிய உடல். பின்னர் ஒருநாள் உண்டாகும் விழிப்பு. உணவைக் குறைத்தல், உடற்பயிற்சி, மனவுறுதி. இறுதியிலே பழைய காற்சட்டையின் ஒரு காலுக்குள் முழு உடலையும் நுழைத்துக் காட்டும் நிழற்படம். 1988ஆம் ஆண்டிலே ஒப்ரா வின்ஃபிரே தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே 67 இறாத்தல் கொழுப்பைச் சிறு வண்டியொன்றில் இழுத்துவந்து, தாம் குறைத்த நிறை இதுவே எனக் காட்டினார். அமெரிக்க மக்கள் மெய்சிலிர்த்துப் பார்த்த காட்சி அது. குறைத்த நிறை மீண்டும் ஏறியதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை ஒப்புக்கொண்டார். ஆனால் வாய்பாடு அந்தப் பிற்பகுதியை ஏற்பதில்லை. வண்டி மேடைக்கு வந்ததும் கதை முடிந்துவிட வேண்டும். துன்பத்துக்குக் காரணம் தனிமனிதரின் சோம்பல், விடுதலைக்கு வழி தனிமனிதரின் மனவுறுதி என்பதே இக்கதைகள் போதிக்கும் தத்துவம். தனிமனிதவாதத்தின் கலப்பற்ற இலக்கிய வடிவமென இதனைக் கூறினால் மிகையாகாது.

கே இவ்வாய்பாட்டை நூலின் வாயிலிலேயே நிராகரிக்கிறார். இது வெற்றிக் கதையன்று, மெலிந்த உடலின் படம் இந்நூலின் அட்டையிலே தோன்றாது என அறிவித்துவிட்டே தொடங்குகிறார். ஆறடி மூன்றங்குல உயரமுடைய அவரது நிறை ஒரு காலத்திலே 577 இறாத்தலாக இருந்தது. இவ்விலக்கத்தை மறைக்காது எழுதுவதே பெருந்துணிவு. ஆனால் நூலின் பெறுமதி அத்துணிவோடு முடிவதன்று. அவ்விலக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்று அவர் காட்டுமிடத்திலேதான் இலக்கியம் தொடங்குகிறது.

ஹெயிற்றியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நெப்ராஸ்கா மாநிலத்திலே 1974இல் பிறந்தவர் கே. பன்னிரண்டாம் வயதிலே, தாம் நம்பியிருந்த ஒரு பையனும் அவனது தோழர்களும் கூட்டாக இழைத்த பாலியல் வன்செயலுக்கு ஆளானார். வீட்டிலே எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாத அச்சிறுமி உண்ணத் தொடங்கினாள். உடலைப் பெருக்கினால் ஆண்களின் கண் தன்மீது படாது, எவரும் நெருங்கார் என்பது அவளது கணக்கு. மற்றையோர் பேருண்டியெனக் கண்டது, அவளுக்கு அரண் கட்டும் வேலையாயிருந்தது.

இந்நூலிலே இலக்கு ஒருமுறை வகுக்கப்பட்டு இறுதிவரை அசையாது நிற்பதொன்றன்று. முதல் இலக்கு பாதுகாப்பு. அதற்குப் பருத்த உடல் வேண்டியிருந்தது. ஆண்டுகள் செல்ல அந்த அரணே சிறையாகிறது. கூட்டமொன்றிலே மேடைக்கு ஏறுமுன், அங்குள்ள நாற்காலி தம்மைத் தாங்குமா என்று அவர் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஒருமுறை, நாற்காலி முறிந்துவிடுமென அஞ்சி, அதிலே அமர்ந்திருப்பதுபோலத் தோன்றுமாறு தொடைகளின் வலிமையாலேயே நெடுநேரம் உடலைத் தாங்கிக்கொண்டு, சபையோருடன் இலக்கியம் பேசியிருக்கிறார். இப்பொழுது இலக்கு மாறுகிறது: மெலிய வேண்டும். மெலியவும் செய்கிறார். ஆனால் பிறர் அதனைக் கவனித்துப் பாராட்டத் தொடங்கியதும் பழைய அச்சம் திரும்புகிறது. பாராட்டும் கண்ணும் கண்தானே? அரணின்றி வெளியே நிற்பதாக உணர்கிறார், மீண்டும் உண்கிறார். வாய்பாட்டுக் கதையிலே இது ‘தோல்வி’. கேயின் நூலிலோ இதற்குக் காரணம் உண்டு, வரலாறு உண்டு, தர்க்கமும் உண்டு. நூலின் இறுதிப் பகுதியிலே இலக்கு இன்னொருமுறை நகர்கிறது. அந்த அரண் இனித் தமக்கு வேண்டியதில்லை என்று உணரும் அவர், தாம் எழுப்பிய சுவர்களுட் சிலவற்றையேனும் இடிக்க முயல்கிறார். நிறைகோல் காட்டும் இலக்கத்துள் அடங்காத இலக்கு இது.

மனவுறுதி போதாமையே காரணம் என்போர்க்கு அறிவியலும் விடையளித்துள்ளது. நிறை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டியொன்றிலே பங்குபற்றிய 14 பேரைக் கெவின் ஹோல் என்பவரும் அவரது குழுவினரும் ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். போட்டியின்போது சராசரியாக 58 கிலோகிராம் குறைந்தவர்கள், ஆறு ஆண்டுகளின் பின்னர் அதிலே 41 கிலோகிராமைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஓய்விலிருக்கும்போது அவர்களது உடல் செலவிடும் சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது. உடல் தனது பழைய நிறைக்காகப் போராடுகின்றது. அப்போராட்டத்திலே தோற்றவரைச் சோம்பேறி என்பது அறியாமை.

இனி, நூலாசிரியர் தொட்டும் தொடாமலும் விட்டுச்சென்ற ஒரு பகுதிக்கு வருவோம். தனிமனிதரின் இலக்கு நகர்வதை அவர் நுணுக்கமாகக் காட்டுகிறார். ஆனால் அந்த எல்லைக்கல்லை முதலிலே நட்டவர் யார்? அதை அடிக்கடி பெயர்த்து நடுபவர் யார்?

அமெரிக்காவிலே ‘இலட்சிய நிறை’ என்பதை நாட்டு மக்களிடையே பரப்பியது வைத்திய சபையன்று. மெட்ரோபொலிட்டன் என்னும் ஆயுட் காப்புறுதிக் கொம்பனி. 1942, 1943ஆம் ஆண்டுகளிலே அது வெளியிட்ட அட்டவணைகள் காப்புறுதி செய்தோரின் மரணக் கணக்குகளிலிருந்து பிறந்தவை. 1959இலே புதிய அட்டவணை வந்தது. ‘இலட்சிய நிறை’, ‘விரும்பத்தக்க நிறை’ ஆயிற்று. 1983இலே இலக்கங்கள் உயர்த்தப்பட்டன. இன்று வைத்தியசாலைச் சுவர்களிலே தொங்கும் உடற்றிணிவுச் சுட்டியின் சூத்திரமோ, பெல்ஜியத்தைச் சேர்ந்த கெற்றலே என்னும் கணிதவியலாளர் 1830களிலே ‘சராசரி மனிதனை’க் காணும் பொருட்டு வகுத்தது; தனியொருவரின் கொழுப்பை அளக்க அவர் அதனை ஆக்கவில்லை. அதற்கு இன்றைய பெயரைச் சூட்டியவர் 1972இலே அன்சல் கீஸ். 1998இலே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் ‘மிகைநிறை’யின் எல்லையை ஏறத்தாழ 27 என்ற அளவிலிருந்து 25க்கு இறக்கியது. ஒரு கவளமும் மேலதிகமாக உண்ணாமலே இரண்டரைக் கோடிக்கும் அதிகமான அமெரிக்கர் மிகைநிறையுடையோர் ஆயினர்.

எல்லைகள் வேண்டா என்பது எமது வாதமன்று. மிகைநிறையோடு வரும் நீரிழிவும் இருதய நோயும் கற்பனையல்ல. ஆசியருக்கு இந்நோய்கள் குறைந்த நிறையிலேயே தோன்றுவதனால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலே அவர்தம் பொருட்டு 23, 27.5 என்னும் அளவுகளை விதந்துரைத்தது. அது எமக்கும் உரிய எச்சரிக்கை. ஆனால் நோயைத் தடுக்க வகுத்த அளவு, மனிதரின் மதிப்பை அளக்கும் கோலாக மாறும்போது அங்கே வணிகம் நுழைந்துவிடுகிறது.

‘வெயிற் வாச்சர்ஸ்’ என்னும் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1963இலே நியூயோர்க்கில் இல்லத்தரசியொருவர் தொடங்கிய அது, அயற்பெண்கள் கூடித் தம் குறைகளைப் பேசும் கூட்டங்களிலிருந்து பிறந்தது. 1978இலே அதனை விலைக்கு வாங்கியது தக்காளிச் சாறு முதலியன விற்கும் ஹைன்ஸ் கொம்பனி. உண்ணச் செய்யும் முதலாளியும் உண்ணாதே என்று உபதேசிக்கும் முதலாளியும் ஒருவராயினர். 2015இலே ஒப்ரா ஏறத்தாழ 43 மில்லியன் டொலருக்கு அந்நிறுவனத்தின் பத்து வீதப் பங்கை வாங்கி அதன் விளம்பரங்களிலே தோன்றினார். பருத்த பெண் ஒவ்வொருத்திக்குள்ளும் அவள் ஆகவேண்டிய வேறொருத்தி மறைந்திருக்கிறாள் என்ற பொருள்பட அவ்விளம்பரம் பேசியதைக் கே தமது நூலிலே கடுமையாகக் கண்டிக்கிறார். பின் நடந்தவை நூலுக்கு அப்பாற்பட்டவை. 2023 இறுதியிலே தாமும் நிறை குறைக்கும் மருந்து பயன்படுத்துவதாக ஒப்ரா கூறினார். 2024இலே நிறுவனத்தின் பணிப்பாளர் சபையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2025 மே மாதத்திலே அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றை நாடியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மனவுறுதியை விற்ற சந்தை, இப்பொழுது ஊசிமருந்தை விற்கின்றது. எல்லைக்கல் மறுபடியும் பெயர்க்கப்படுகிறது.

இவ்வரலாறு கேயின் நூலிலே போதிய அளவு இல்லை. விளம்பரத்தைக் கண்டிப்பவர் அதன் பின்னாலுள்ள பங்குச் சந்தையை ஆழ்ந்து நோக்கவில்லை. நூலின் தொடக்கத்திலே, தந்தையுடன் சென்று 25,000 டொலர் செலவாகும் சத்திரசிகிச்சை பற்றிய விளக்கக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்ததை விவரிக்கிறார். அத்தொகையை எண்ணியும் பார்க்க இயலாத ஏழைப் பெண்ணின் உடல் எங்கே? தாம் வசதியான குடும்பத்திற் பிறந்தவர் என்பதைக் கே மறைக்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொள்வது ஒன்று, ஆராய்வது வேறு. இது நூலின் குறை.

இக்குறையைச் சுட்டும் நாம் எமது குறையையும் சொல்லியாக வேண்டும். முதல் வாசிப்பின்போது நூலின் கடைசிப் பக்கத்திலே ‘தீர்வு இல்லை’ என்று பென்சிலாற் குறித்து வைத்தோம். முற்போக்கு விமர்சனத்திலே பயின்ற எமக்கு, படைப்பின் முடிவிலே விடிவெள்ளியைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. தொழிலாளி வேலைநிறுத்தத்தில் வெல்லாவிட்டால், குறைந்தபட்சம் செங்கொடியாவது அசையவேண்டும் என்று எத்தனை சிறுகதைகளைத் திருத்தச் சொல்லியிருப்போம்! அம்மாணவியின் கேள்வியைக் கேட்டபோதுதான் எமது பென்சிற் குறிப்பும் அதே கேள்வி என்பது புலப்பட்டது. மெலிந்த உடலை அவள் எதிர்பார்த்தாள். நிமிர்ந்த உடலை நாம் எதிர்பார்த்தோம். இருவரும் அப்பெண்ணிடம் கேட்டது வெற்றிப் படமொன்றையே.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 2018 சனவரியிலே, கே இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அதனைப் பற்றித் தாமே எழுதவும் செய்தார். பருத்த உடலின் பெருமைக்காகக் குரல் கொடுப்போர் இதனைக் கொள்கைத் துரோகம் எனக் கருதக்கூடும். வாய்பாட்டுக் கதையை விரும்புவோர் இறுதியிலே அவர் பணிந்தார் என்று மகிழக்கூடும். இரண்டும் தவறென்பதே எமது துணிபு. ஓர் உயிருள்ள மனிதர், தமது உடலோடு வாழவேண்டியவர், தமது இலக்கை மறுபடியும் மாற்றினார். இலக்கு மாறுவது இழுக்கன்று. அதை மாற்றும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே கேள்வி: அவ்வுடலில் வாழ்பவரிடமா, அட்டவணை அச்சிடுபவரிடமா?

யதார்த்தவாதம் முடிவிலே கொடியேற்றுவதில் மட்டும் இல்லை. ஒரு மனிதர் ஏன் தமது முடிவை எட்டவில்லை என்பதை அவருடைய குற்றமாக்காது விளக்குவதும் யதார்த்தவாதமே. அவ்வகையிலே ‘பசி’, தான் அறியாமலே, எமது முகாமுக்கு உரிய நூல். இதனைத் தமிழிலே பெயர்ப்பார் முன்வர வேண்டும்.

அம்மாணவிக்குச் சொல்லவேண்டிய விடை இது: அவர் சில வேளைகளிலே மெலிந்தார், சில வேளைகளிலே பருத்தார், இரு நிலையிலும் நல்ல நூல்கள் எழுதினார். இதைச் சொல்வதற்கென அவளைத் தேடிச் சென்ற இடைவேளையிலேதான், அவள் சில வாரங்களாக மதிய உணவு கொண்டுவருவதில்லை என்பது எமக்குத் தெரியவந்தது. உடற்பரிசோதனை நாளிலே அவளுடைய நிறையை மண்டபம் கேட்க உரக்க வாசித்தவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. அடுத்த பரிசோதனையிலிருந்து இலக்கங்களை உரக்க வாசிப்பதில்லை என ஆசிரியர் கூட்டத்திலே தீர்மானித்தோம். அவள் உணவு கொண்டுவரத் தொடங்கிவிட்டாளா என்று கேட்கும் வாசகருக்கு: சில நாள்களிலே கொண்டுவருகிறாள்.