பணிவும் பரிபாகமும்: ஒரு யூத ஞானநூல் ஆராய்ச்சி

பிற சமய நூல்களைப் பற்றிப் பேசப் புகுவார் பெரும்பாலும் இருவகையாகப் பிழைபடுவர். எல்லாச் சமயமும் ஒன்றே கூறின என்று ஆராயாது உடன்படுவார் ஒரு சாரார். அயலார் நூலில் அறியத்தக்கது யாதும் இல்லையென்று படியாது தள்ளுவார் மற்றொரு சாரார். நூலைப் படித்திலர் என்பதில் இருவரும் ஒப்பர். நம் சந்தானாசாரியர் சென்ற வழி இவ்விரண்டும் அன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பரபக்கம் என ஒரு பகுதி வகுத்துப் பிறர் கொள்கையை முறையே எடுத்து மொழிந்து, அதன் பின்னரே மறுக்கத் தக்கதை மறுத்தார். அந்நெறி பற்றி, யூத ஞானியருள் ஒருவராகிய மோசே கொர்தொவேரோ என்பார் இயற்றிய 'தெபோராளின் பேரீச்சை' என்னும் சிறுநூலை ஈண்டு ஆராய்வாம்.

கொர்தொவேரோ 1522 முதல் 1570 வரை வாழ்ந்தவர். கலிலேயா நாட்டுச் சாபேத் என்னும் மலையூரிற் கற்பித்தவர். 1492 இல் இசுப்பானிய அரசர் யூதரைத் தம் நாட்டினின்றும் துரத்தினர். அங்ஙனம் துரத்தப்பட்டோரும் அவர் வழியினருமாகப் பலர் அவ்வூரிற் குடியேறினர். ஆகலின், மீட்பு எப்பொழுது என்னும் வினா அவர்க்கு ஏட்டளவில் நின்ற வினாவன்று. வீடும் நாடும் இழந்தார் நாடோறும் கேட்ட வினா அது. அவர்தம் மறைஞான மரபு 'கப்பாலா' எனப்படும். வழிவழியாகப் பெறப்பட்டது என்பது அதன் பொருள். அம்மரபு நம் தென்னாட்டிற்கும் புதிதன்று. 1615 இல் மறைந்த நெகேமியா மோத்தா என்னும் கப்பாலா ஞானியின் சமாதி கொச்சி மட்டாஞ்சேரியில் உளது. யூதரேயன்றிப் பிற சமயத்தாரும் அதனைப் போற்றி வந்தனர். 1948 இல் இசுரேல் நாடு தோன்றிய பின்னர்க் கொச்சி யூதருட் பெரும்பாலோர் ஆண்டுக் குடிபெயர்ந்தனர். சமாதி ஈண்டே நின்றது.

கொர்தொவேரோவின் நூல் பத்து இயல்களை உடையது. ஆசிரியர் மறைந்த பின்னர் 1588 இல் வெனிசு நகரில் அச்சேறியது. முடிவிலியாகிய இறை பத்து வெளிப்பாடுகளால் உலகொடு தொடர்புறும் என்பதும், மக்கள் அவ்வெளிப்பாடுகளின் குணங்களைத் தம் ஒழுக்கத்திற் கொள்ளல் வேண்டும் என்பதும் நூலின் கருத்து.

முதலியலிற் கூறப்படும் பொறுமையே நூலின் உயிர்நிலை. ஒருவன் தீவினை செய்யக் கையை நீட்டுங்கால், அக்கையை அசைக்கும் ஆற்றலும் இறைவன் தந்ததே. அவ்வாற்றலை அந்நொடியே மீட்டுக்கொள்ளுதல் அவற்கு எளிது. மீட்டுக்கொள்ளாது, தனக்கு மாறாகவே அது செலவிடப்படுவதைக் கண்டும் தந்துகொண்டே இருக்கின்றான். இதனினும் பெரிய பொறுமை யாண்டும் இல்லை என்கின்றார் ஆசிரியர். மக்களுட் பணிவுடையான் இப்பொறுமையைப் பின்பற்றுவான் என்பது அவர் துணிபு.

இது சைவர்க்கு வியப்பன்று. திரோதான சத்தியின் இலக்கணம் உணர்ந்தார் இதனை எளிதின் உணர்வர். உயிர் மலத்தின்வழிச் செல்லுங்கால் இறைவன் அதனொடு மறைந்து நின்று, தனு கரண புவன போகங்களைத் தந்து, வினையை நுகர்வித்து மலத்தைப் பக்குவப்படுத்துகின்றான். மறைத்தலும் அருளே என்று நம் நூல்கள் கூறுவது இதுபற்றியே. உயிர் வீட்டிற்குக் காத்திருப்பதன் முன்னரே, இறைவன் உயிர்க்குக் காத்திருக்கின்றான். இவ்வொன்றை உணர்தலே பணிவின் வித்து. இவ்வளவில் இரு மரபும் தம்முள் நெருங்கின.

இரண்டாம் இயல் பணிவைப் பழகும் முறை கூறும். கண், செவி, நெற்றி, வாய் என உறுப்புத்தோறும் பணிவு எவ்வாறு அமைதல் வேண்டும் என்று காட்டிப் பின் ஒரு மருந்து கூறுகின்றார். பாவம் கழியத் துன்புறுதல் வேண்டுமெனின், நோயும் பட்டினியும் உடலை மெலிவித்து வழிபாட்டிற்கு இடையூறாம். பிறர் இகழ்ச்சியோ உணவையும் உடையையும் குறைப்பதன்று. ஆகலின் இகழ்ச்சியையே விரும்பி ஏற்க என்பது. நுண்ணிய அறிவுரை இது. ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழும். இகழ்ச்சியை ஏற்றேன் என்று தன்னை மெச்சும் அறிவு எதன்பாற் பட்டது? புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கினார். பணிவுடையேன் என்னும் எண்ணத்துள்ளும் அஃது ஒளிந்திருக்கும். பழக்கத்தாற் பணிவு வரும் என்று கொர்தொவேரோ கூறுவது கரணங்களின் அளவில் உண்மை. மலத்தின் வலி அருளாலன்றி அடங்காது என்பதை அவர் நூல் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை.

அவாவடக்கம் பற்றி ஆறாம் இயல் கூறுவது நம்மவர் ஊன்றி நோக்கத் தக்கது. தன் இன்பத்தின் பொருட்டு விருப்பத்தை எழுப்பலாகாது. மனைவியின் நலத்தின் பொருட்டு, அவட்கு உடையும் உறையுளும் அமைத்தற்கண் அதனைச் செலுத்தலாம் என்கின்றார். விருப்பத்தை வேரறுக்க முயலாது, பிறர் நலத்திற்குத் திருப்பிவிடுதல் இது. பசுகரணம் சிவகரணமாதல் என்று நாம் கூறுவது இதனினும் விரிந்தது. திருப்புகலூரில் உழவாரத்தின் முன் கிடந்த பொன்னையும் மணியையும் திருநாவுக்கரசர் புல்லொடு சேர வாரிக் குளத்தில் எறிந்தார். அரம்பையர் ஆடியும் அவர் உள்ளம் திரியவில்லை. அவர் கை அப்பொழுதும் தொழிற்பட்டே இருந்தது. தொழில் இறைபணியாக இருந்தமையின் ஆசைக்கு அங்கு இடமில்லையாயிற்று.

நூலில் நாம் உடன்படலாகாத இடங்கள் இரண்டு உள. காரணமின்றி ஒரு பயிரையும் பிடுங்கற்க, ஓர் உயிரையும் கொல்லற்க என்று மூன்றாம் இயல் கூறுகின்றது. கேட்க இனிதாக உளது. ஆயின் தேவை நேரின் குற்றமற்ற கத்தியாற் கொல்லலாம் என்றும், உண்ணப்படுதலால் அவ்வுயிர் மேனிலை எய்தும் என்றும் தொடர்கின்றது. இது பொருந்தாது. உயிர் மேற்பிறவி எய்துவது தன் வினைக்கு ஈடாக. உண்பான் வயிற்றின் வழியாக அன்று. எவ்வுயிரையும் இறைவன் பொறுத்து நிற்கின்றான் என்று முதலியலிற் கூறிய ஆசிரியர், அப்பொறுமையை விலங்கின்மாட்டு இவ்விடத்து நெகிழவிட்டார்.

மற்றொன்று, ஒன்பதாம் இயலில் வருவது. இறைவனது உடனுறை சந்நிதியாகிய செகினா, நாடிழந்த மக்களொடு தானும் நாடுகடந்து அலைகின்றது என்பது அவர் கொள்கை. அத்துயரிற் பங்குகொள்ளும் பொருட்டுக் கொர்தொவேரோவும் அவர் மைத்துனர் சாலமோன் அல்கபேத்சும் சாபேத்தைச் சூழ்ந்த வெளிகளில் அலைந்து திரிந்து மறையாராய்ந்தனர். பதியைப் பாசம் தொடாது என்னும் சித்தாந்தத்திற்கு இக்கொள்கை ஏலாது. கட்டுண்டார் தாமே பிறரைக் கட்டவிழ்த்தல் யாங்ஙனம்? எனினும் அக்கொள்கையினின்று பிறந்த ஒழுக்கம் இகழத் தக்கதன்று. பிறர் துயரைத் தம் துயராக ஏற்று நடந்த கால்கள் அவை.

காத்திருத்தலில் ஒரு பேரிடர் உண்டு. யூத வரலாறே அதற்குச் சான்று. 1665 இல் சபத்தாய் செவி என்பார் மீட்பராக அறிவிக்கப்பட்டார். பல நாட்டு யூதரும் பொருளை விற்றுப் பயணத்திற்கு ஒருப்பட்டனர். 1666 இல் அவர் துருக்கிச் சுல்தான் முன் கொண்டுசெல்லப்பட்டு இசுலாத்தைத் தழுவினார். நம்பினார் நெஞ்சம் உடைந்தது. மீட்பை விரும்பும் விருப்பமும் பணிவை இழப்பின் ஆசையே ஆகும் என்பது இதனாற் பெறப்படும். திருநாவுக்கரசரும் கயிலை காண விழைந்து உடல் தேய நடந்தார், பின் புரண்டும் சென்றார். ஆயினும் மீள்க என்னும் ஆணை பிறந்தபோது பணிந்து பொய்கையில் மூழ்கினார். திருவையாற்றில் எழுந்து அங்கே கயிலைக் காட்சி கண்டார். விழைவு ஒன்றே, பணிவு அதனைக் காத்தது.

அற்றேல், மலபரிபாகம் இறைவன் செயலாயின் நாம் வாளா இருத்தல் அமையுமோ எனின், அமையாது. இக்காலத்து நம்மவருட் சிலர் பரிபாகம் என்னும் சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்குகின்றனர். கொர்தொவேரோவின் நூல் அவர்க்கு ஒரு கடிதலாகும். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களைக் காண்க. தளிரை முற்றுவித்தல் உழவன் செயலன்று. அகத்தி நட்டுக் கொடியை ஏற்றி நீர் பாய்ச்சுதல் அவன் கடன். நீர் பாய்ச்சாது இலை முற்றக் காத்திருப்பான் காண்பது வாடிய கொடியே. சரியை, கிரியை, யோகம், அடியார் பணி என்பன நாம் பாய்ச்சும் நீர்.

இவ்வூர்க்கு அணித்தாகிய திருவேடகத்தில், சம்பந்தப் பிள்ளையார் இட்ட ஏடு வையையின் வெள்ளத்தை எதிர்த்து ஏறிச் சென்று நின்றது என்பது வரலாறு. ஏட்டிற்குத் தன் வலி யாதும் இல்லை. ஆயினும் அது நீரில் இடப்பட்டது. தன்னை இட்டு நிற்றல் உயிரின் பணிவு, எதிரேற்றுதல் அவனருள். மோசே கொர்தொவேரோ முன்னதை மிக நன்றாகக் கற்பித்தார். பின்னதை மெய்கண்டார் நூலில் தெளிந்தவர், முன்னதைக் கைக்கொள்ளாது விடின், தெளிந்ததனால் ஆய பயன் யாது?